பழைய பேருந்துக்கு மாற்று எஞ்சின்: தேர்வின் பொருளாதாரம்

கேரளத்தில் அரசுப் பேருந்துப் போக்குவரத்தின் வரலாறு டீசல் எஞ்சினுடன் தொடங்குகிறது. 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசு தொடங்கிய போக்குவரத்துத் துறை, இங்கிலாந்திலிருந்து பெற்ற கோமர் அடிச்சட்டங்களில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களைப் பொருத்திப் பேருந்துகளை இயக்கிற்று. அத்துறையே 1965-இல் கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகமாயிற்று. ஆனால், கொச்சி நகருக்குள், குறிப்பாக மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி ஆகிய பகுதிகளை எர்ணாகுளத்துடன் இணைக்கும் தடங்களில், தனியார் பேருந்துகளின் பங்கு பெரிது. ஒன்றிரண்டு பேருந்துகளை மட்டுமே உடைய சிறு உரிமையாளருக்கு, தேய்ந்த எஞ்சினை மாற்றும் முடிவு பெரியதொரு முதலீட்டு முடிவாகும்.

நான்கு வழிகள்

உரிமையாளர்முன் நான்கு வழிகள் உள்ளன. முதலாவது, இருக்கும் எஞ்சினைப் பிரித்து, லைனர், பிஸ்டன், பேரிங் ஆகியவற்றை மாற்றி, கிராங்க் ஷாஃப்டைக் கடைந்து புதுப்பித்தல். இரண்டாவது, அதே வகையைச் சேர்ந்த, முன்னரே புதுப்பிக்கப்பட்ட எஞ்சினை வாங்கிப் பொருத்துதல். மூன்றாவது, அதே வகையில் புதிய எஞ்சினை வாங்குதல். நான்காவது, வேறு வகை எஞ்சினைப் பொருத்துதல்.

நான்காம் வழி கவர்ச்சியாகத் தோன்றினும் இடர் மிகுந்தது. எஞ்சினின் திறனும் சுழற்சி வேகமும் கியர் பெட்டிக்கும் பின் அச்சின் பல் விகிதத்திற்கும் பொருந்த வேண்டும். எஞ்சின் தாங்கிகள், ஃப்ளைவீல் உறை, ரேடியேட்டர், பிரேக்கிற்குக் காற்றழுத்தம் தரும் கம்ப்ரஸர் ஆகியன இசைய வேண்டும். மேலும், 2017-இல் நாடு முழுவதும் பாரத் நிலை 4 விதிகளும், 2020 ஏப்ரல் 1 முதல் நிலை 6 விதிகளும் நடைமுறைக்கு வந்தபின், எஞ்சின் மின்னணுக் கட்டுப்பாட்டுடனும் புகை சுத்திகரிப்புச் சாதனங்களுடனும் பிணைந்துவிட்டது. இதனால் ஒரு தலைமுறை எஞ்சினை மற்றொரு தலைமுறை வண்டியில் பொருத்துதல் எளிதன்று.

இடத்தின் இயல்பு

மட்டாஞ்சேரி சமதளப் பகுதி. பாலங்களின் ஏற்றம் தவிர வேறு ஏற்றமில்லை. குறுகிய தெருக்களும் அடுத்தடுத்த நிறுத்தங்களும் நிறைந்த இத்தகைய தடத்திற்கு உச்ச வேகத்தைவிடக் குறைந்த சுழற்சியில் நல்ல இழுவிசை தேவை. கடற்காற்றின் உப்பும் ஈரமும் உலோகத்தை அரிக்கும். ஆகவே, புதுப்பித்த எஞ்சினை வாங்குவோர் நீர்ப்பாதைகளின் துரு, எண்ணெய் அழுத்தம், சிலிண்டர்களின் அழுத்தம் ஆகியவற்றைச் சோதித்தல் இன்றியமையாதது.

கணக்கிடும் முறை

உதாரணமாக, ஒரு பேருந்து நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓடுவதாகக் கொள்வோம். மொத்தம் 60,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் எனில் 15,000 லிட்டர் டீசல் செலவாகும். நல்ல எஞ்சின் 4.4 கிலோமீட்டர் தருமாயின் செலவு ஏறத்தாழ 13,640 லிட்டராகக் குறையும். டீசல் லிட்டர் 95 ரூபாய் எனில் ஆண்டு மிச்சம் சுமார் 1.3 லட்சம் ரூபாய். புதிய எஞ்சினுக்கும் புதுப்பித்ததற்கும் விலை வேறுபாடு 3 லட்சம் ரூபாயாக இருந்து, பேருந்து ஓட அனுமதிக்கப்பட்ட காலம் இன்னும் இரண்டே ஆண்டுகளாயின், மிச்சம் 2.6 லட்சமே, புதியது கட்டுப்படியாகாது. ஐந்தாண்டுகள் எஞ்சியிருப்பின் மிச்சம் 6.5 லட்சம், புதியது இலாபகரமாகலாம். ஆக, எஞ்சினின் ஆயுளை மட்டுமன்றி, வண்டியின் எஞ்சிய ஆயுளையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

வண்டி நிற்கும் நாட்களின் இழப்பையும் இக்கணக்கில் சேர்த்தல் வேண்டும். பட்டறையில் எஞ்சின் பிரித்துக் கிடக்கும் காலத்தில் உரிமையாளர் வசூலை இழக்கிறார். நாட்கூலி பெறும் ஓட்டுநரும் நடத்துநரும் ஊதியத்தை இழக்கின்றனர். பயணிகள் ஒரு நடையை இழக்கின்றனர். உதிரி எஞ்சின் கையிருப்பில் இருப்பின், பழையதை இறக்கிப் புதுப்பித்ததை ஏற்றி விரைவில் வண்டியைத் தடத்திற்கு அனுப்பலாம்.

சட்டமும் கூட்டு முயற்சியும்

பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண் இடம்பெறுவதால், மாற்றத்தைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, சான்றிதழில் திருத்தம் பெறுதல் கட்டாயம். விற்பனைச் சீட்டு இல்லாத எஞ்சின் எத்துணை மலிவாயினும் தவிர்க்கத்தக்கது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, குறைந்தது பத்துப் போக்குவரத்து வாகனங்களை உடையோர், முன் ஒப்புதலின்றி அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை மாற்றிக்கொள்ள மாநில அரசு அனுமதிக்க வழிவகுக்கிறது. மாற்றியபின் 14 நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும்.

இச்சலுகை இயல்பாகவே பெரிய நிறுவனங்களுக்குப் பயன்படுகிறது. ஒரே பேருந்தை நம்பி வாழும் உரிமையாளருக்கு எட்டுவதில்லை. அத்தகையோர் கூட்டுறவு அமைப்பாகவோ நிறுவனமாகவோ ஒன்றிணைந்து, ஒரே வகை வண்டிகளைத் தேர்ந்து, பொதுவான உதிரி எஞ்சின் ஒன்றைப் பேணுவராயின், முதலீட்டுச் சுமை பகிரப்படும். வண்டி நிற்கும் நாட்களும் குறையும். ஒரு பேருந்து கழிக்கப்படும்போது அதன் நல்ல எஞ்சின், முறையான பதிவுடன், மற்றொன்றுக்கு உதவும். சிறு உரிமையாளரின் நிலைபேறும் நகர மக்களின் அன்றாடப் பயணமும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதைத் திட்டமிடுவோர் கருத்திற்கொள்ளுதல் நலம்.