தாம்பரம் ஃபிளாட்டில் முதல் பொங்கல்: முழுமையான வழிகாட்டி

மார்கழி கடைசியில் ஜி.எஸ்.டி. சாலையில் எல்லா வண்டியும் தெற்கே பார்த்துத்தான் நிற்கும். 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கத்துப் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். இடம்தான் மாறியது, கூட்டம் கூட்டம்தான். லீவோ டிக்கெட்டோ கிடைக்காமல் இங்கேயே தங்கிவிட்டு, இதுவரை அம்மா பொங்கி வைத்ததைச் சாப்பிட மட்டுமே பழகியவர்களுக்காக இது.

'நாலாவது மாடியில் என்ன அறுவடை' என்று கூச்சப்பட வேண்டாம். செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளெல்லாம் பயிருக்குப் பாய்ந்த ஏரிகள். உங்கள் கார் பார்க்கிங் யாருடைய கழனியாக இருந்ததோ!

முதலில் தேதி, அப்புறம் வழக்கம்

தை முதல் நாள் 2025இல் ஜனவரி 14, 2024இலும் 2026இலும் 15. அதனால் தினசரி காலண்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிறகு ஊருக்குப் போன் போட்டு, வீட்டு வழக்கம் என்னவென்று கேளுங்கள். அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் தொலைந்தீர்கள். செங்கல்பட்டுக்காரர் போகிக்குப் பழையதை எரிப்பார். தென்கோடி மாவட்டத்துக்காரருக்கு அது பட்டணத்து வழக்கம். அவர் ஊரில் வெள்ளையடிப்பதோடு சரி. ஆனால் அங்கே சிறுமிகளுக்கென்று மண்ணில் குட்டி வீடு கட்டி 'சிறுவீட்டுப் பொங்கல்' வைப்பார்கள். எல்லாமே சரிதான்.

போகிக்குக் காப்புக் கட்டுங்கள்

எரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பின. கொங்கு நாட்டு வழி அழகானது: வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாகக் கட்டி வாசல் நிலையில் செருகுவார்கள். அதுதான் காப்பு. வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும் பூளைப்பூ நம் பக்கத்துக் காலி மனைகளிலும் முளைக்கும்.

கடைத்தெரு

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்கு விடியற்காலையில் போய்விடுங்கள். இலையோடு மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து, தோகையோடு ஒரு ஜோடி கரும்பு, வாழையிலை. கரும்பு லிஃப்டுக்குள் நுழையாது. படியேறத் தயாராக இருங்கள். சமீப ஆண்டுகளாக ரேஷனில் பச்சரிசி, சர்க்கரை, முழுக் கரும்பு கொடுக்கிறார்கள். அந்தச் சர்க்கரையைக் காப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் சர்க்கரைப் பொங்கல், போடுவது வெல்லம்.

மண்பானை வாங்கினால் ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். மறுநாள் அரிசி கழுவிய நீரை அதில் ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவிட்டுப் பழக்குங்கள். பித்தளைப் பானை என்றால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்புக்கு இரண்டுமே ஆகாது.

பானை ஏற்றுவது

குளித்துவிட்டு, கோலம் போட்டு, பானைக்குத் திருநீறோ மஞ்சள் குங்குமமோ இட்டு, கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டுங்கள். கேஸ் அடுப்பில் வைப்பதானால் இலை கீழே தொங்காமல் மேலே தூக்கிக் கட்ட வேண்டும்.

ஓர் ஆழாக்குப் பச்சரிசிக்குக் கால் ஆழாக்குப் பாசிப்பருப்பு, ஒன்றரை முதல் இரண்டு ஆழாக்கு வெல்லம். அரிசியைக் களைந்த இரண்டாம் தண்ணீரைப் பானையில் முக்கால் அளவுக்கு ஊற்றி, ஒரு டம்ளர் பால் சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். இனி அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. நுரை விளிம்பைத் தொட்டதும் தீயைக் குறையுங்கள். நான் முதல் வருஷம் 'பொங்கலோ பொங்கல்' என்று தட்டைத் தட்டிக்கொண்டே நின்றுவிட்டேன். வழிந்த பால் பர்னரை அணைத்துவிட்டது, கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. வழியட்டும், ஆனால் ஒரு கை குமிழிலேயே இருக்கட்டும்.

பொங்கிய பிறகு ஐந்து ஆழாக்கு மட்டும் பானையில் விட்டு, மீதியை மொண்டு வைத்துக்கொண்டு, அரிசி பருப்பைப் போடுங்கள். இறுகினால் மொண்டதை ஊற்றலாம். அரிசி விரலில் நசுங்கும் அளவுக்குக் குழைந்த பிறகே வெல்லம். அவசரப்பட்டுப் போட்டால் அதற்குமேல் அரிசி வேகாது. எத்தனை நெய் ஊற்றினாலும் விறைத்துக்கொண்டு நிற்கும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டுங்கள், மண் இருக்கும். கடைசியில் ஏலக்காய், நெய்யில் வறுத்த முந்திரி, திராட்சை.

பால்கனி கிழக்கு பார்க்கவில்லையா? மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ச் சூரியனுக்குக் காட்டுங்கள். வெள்ளைப் பொங்கலும் வைக்கிற வீடென்றால் இரண்டாவது பானை வேண்டும்.

குழம்பு

பூசணி, பரங்கி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், கத்தரி: காய்களை ஒற்றைப்படையில் போட்டுப் புளிக்குழம்பு. மறுநாள் சுண்டவைத்தால் ருசி கூடும்.

மாடில்லாத மாட்டுப் பொங்கல்

மாடு வைத்திருப்பவர் தெருவில் இருந்தால் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் நில்லுங்கள். இல்லையென்றால் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் இருக்கிறது. சோழர் காலக் கோயில். 'தேனு' என்றால் பசு, கபில முனிவர் பசுவாகப் பிறந்து வழிபட்டதாகத் தலபுராணம். மதுரைக்காரர்கள் அன்று பாலமேட்டு ஜல்லிக்கட்டை டி.வி.யில் பார்ப்பார்கள். கணுப்பிடி வைக்கும் வீடுகளில், பெண்கள் காலையிலேயே மாடியில் மஞ்சள் இலை விரித்து, மஞ்சளும் சிவப்புமாகக் கலந்த சோற்றுருண்டைகளை வைத்து, உடன்பிறந்தான் நன்றாக இருக்க வேண்டும் என்று காக்கையைக் கூப்பிடுவார்கள். மெட்ரோ நகரத்துக் காக்கையானாலும் வரத்தான் செய்கிறது.

காணும் பொங்கல்

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகலாம் என்று எல்லாரும் நினைப்பார்கள், போயும் விடுவார்கள். குழந்தைகள் பிடிவாதம் பிடித்தால் காலையில் திறக்கும்போதே உள்ளே போய், மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். எங்கும் போகாமல் பெரியவர்கள் காலில் விழுந்து காசு வாங்குவதும் காணும் பொங்கல்தான்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனவர்கள் திரும்புவார்கள். எதிர்வீட்டுத் தூத்துக்குடிக்காரர் பனங்கிழங்குக் கட்டு ஒன்று நீட்டினால் விழிக்காதீர்கள். மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, நீளவாக்கில் பிளந்து, நாரைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தின்ன வேண்டும். கட்டை வாங்கிக்கொண்டு, மீந்த சர்க்கரைப் பொங்கலைச் சூடு பண்ணி ஒரு கிண்ணத்தில் கொடுங்கள்.