வண்டியின் அடையாள எண்: பொறிப்பில் நேரும் பிழைகள்

இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளம், ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த மலையூராகும். தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தோட்டத் தொழிலாளரை ஏற்றி வரும் ஜீப்புகள் இப்பக்கத்தில் மிகுதி. தமிழ்நாட்டில் பதிவான ஜீப்பு கேரளத்தாருக்குக் கைமாறும்பொழுது, அதன் சேசிஸ் எண் பதிவுச் சான்றுடன் ஒப்பிடப்படும். ஓர் இலக்கம் வேறுபடினும் உரிமை மாற்றம் தடைப்படும். களவு வண்டியோ என்னும் ஐயமும் எழும். ஆயினும் வேறுபாடு யாவும் களவின் அடையாளம் அல்ல. தொழிற்சாலையிலேயே பிழை நேர்வதுண்டு.

முற்காலத்தில் எண்கள் எஃகு அச்சுகளைச் சுத்தியலால் அடித்துப் பொறிக்கப்பட்டன. பல அச்சுத் தொகுப்புகளில் 6-க்கும் 9-க்கும் ஒரே அச்சுதான். அதைத் தலைகீழாகப் பிடித்தால் எண் மாறிவிடும். அச்சு சாய்ந்தால் 8 என்பது 3 போலத் தோன்றும். இன்று கணினியின் ஆணைப்படி ஊசிமுனையால் புள்ளி புள்ளியாகப் பொறிக்கும் இயந்திரங்கள் வந்துள்ளன. எனினும், சீர் செய்வதற்காக ஒரு வண்டி வரிசையினின்று விலக்கப்பட்டு, அச்செய்தி பட்டியலில் ஏறாவிடில், அடுத்த வண்டி அதன் எண்ணைப் பெற்றுவிடக்கூடும்.

இன்றைய அடையாள எண் 17 இடங்கள் கொண்டது. 1, 0 ஆகியவற்றோடு மயங்காதிருக்க ஐ, ஓ, க்யூ என்னும் ஆங்கில எழுத்துகள் விலக்கப்பட்டுள்ளன. வட அமெரிக்காவில் ஒன்பதாம் இடம் சோதனை இலக்கமாகும். ஒவ்வோர் இடத்தின் மதிப்பையும் அதற்குரிய எடையால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்த மீதியே அது. மீதி 10 எனில் எக்ஸ் என்னும் எழுத்து இடப்படும். கடைசி இரு இடங்களின் எடை 3, 2. அங்கு 47 இருப்பின் 4×3+7×2=26; அவ்விரண்டிற்கு மட்டும் மீதி 4. அதுவே 74 என மாறின் 7×3+4×2=29; மீதி 7. ஆகவே மொத்த மீதியும் மாறிப் பிழை வெளிப்படும். இந்தியாவில் இச்சோதனை இலக்கம் கட்டாயமன்று. ஆதலால் கண்ணால் ஒப்பிடுதலே காவல்.

இதற்கு எளிய வழி பென்சில் படியெடுத்தலாகும். எண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால், பள்ளமான இலக்கங்கள் வெண்மையாகத் தெரியும். ஆசிரியர்கள் இதனை ஒரு நாணயத்தைக் கொண்டு வகுப்பில் செய்து காட்டலாம். அதில் மேடுகளே கருமையாகப் பதியும்.

பிழை காணின் உரிமையாளர் தாமே எண்ணை அராவுதலும் மறுபடி அடித்தலும் கூடாது. அது நேர்மையான பிழையையும் குற்றம்போல் காட்டிவிடும். வண்டி வாங்கும் நாளிலேயே படியெடுத்து, ஆவணங்களோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைப் பதிவு அலுவலகத்தாருக்கு எழுத்தில் தெரிவிப்பதே தக்கதாகும்.