வாழையில் முடிக்கொத்து நோய்

பழனிப் பஞ்சாமிர்தத்திற்குப் பெயர்பெற்றது விருப்பாட்சி மலைவாழை. கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் அத்தோட்டங்களைப் பெருமளவில் அழித்தது முடிக்கொத்து நோயாகும். 1940ஆம் ஆண்டையொட்டிக் கேரளப் பகுதியில் காணப்பட்ட இந்நோய், பின்னர் இங்கும் பரவியது.

இதற்குக் காரணம் ஒரு நச்சுயிரி. நோயுற்ற வாழையின் சாற்றை உறிஞ்சும் கரிய அசுவினிப் பூச்சி அதனை அடுத்த வாழைக்குக் கொண்டு செல்கிறது. நோயுற்ற கிழங்கின் கன்றுகளும் நோயைச் சுமந்தே வளரும். மண்ணாலோ அரிவாளாலோ இது பரவுவதில்லை. தீர்க்கும் மருந்தும் இல்லை.

இலைக்காம்பிலும் நடுநரம்பை ஒட்டியும் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் விட்டுவிட்டுத் தோன்றுவது முதல் அறிகுறி. இலையின் அடிப்புறத்தை வெளிச்சத்தில் பார்த்தால் தெளிவாகும். பின்னர் வரும் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும். அதுவரை காத்திருத்தல் தகாது.

நோய் கண்டதும் வெட்டிச் சாய்ப்பது பலரது வழக்கம். வெட்டுண்ட வாழை வாடியதும் அசுவினிகள் அண்டை வாழைகளை நாடும். ஆகவே முதலில் குருத்திலும் மட்டை இடுக்குகளிலும் மண்ணெண்ணெய் ஊற்றிப் பூச்சிகளைக் கொல்லுதல் வேண்டும். அதன் பின்னரே கிழங்கைச் சிறு துண்டும் எஞ்சாமல் தோண்டியெடுத்து, நறுக்கி உலர்த்துக. கிழங்கு எஞ்சினால் நோயோடே துளிர்க்கும்.

"குலை தள்ளுமே" என்று விட்டுவைப்போர் உண்டு. பாடுபட்டவரின் மனம் அது. ஆயினும் இளமையில் நோயுற்ற வாழை குலை தள்ளுவது அரிது. பக்கத்துத் தோட்டம் கெடுவதோ உறுதி. உரியவர் ஊரில் இல்லாத தோட்டங்கள் இன்னும் ஆபத்தானவை. ஆதலின் ஊராட்சியே நாள் குறித்து, அத்தோட்டங்களையும் சேர்த்துப் பார்வையிட ஏற்பாடு செய்தல் வேண்டும். கன்று வாங்குவோர் தாய்த்தோட்டத்தை நேரில் கண்டபின் வாங்குக. திசு வளர்ப்புக் கன்றாயின் நச்சுயிரிச் சோதனைச் சான்றைக் கேட்டுப் பெறுக.