மாவட்டத்துக்கு மார்க்

கேள்வி: மத்திய அரசு மாவட்டவாரியாகப் பள்ளிக் கல்விக்குத் தரநிலை போடுகிறதே, அதை நம்பிக் குடும்பத்தோடு ஊர் மாறலாமா?

பதில்: அதை மட்டும் நம்பி மாறாதீர்கள். மொத்தம் 600 மதிப்பெண். ‘விளைவுகள்’ என்ற பிரிவுக்கு 290, கட்டட வசதிக்கும் மாணவர் உரிமைகளுக்கும் சேர்த்து 51தான். அதுவரை சரி. ஆனால் வசதிக் கணக்கு, ‘யூடைஸ்’ என்ற பள்ளித் தகவல் படிவத்தில் பள்ளிகளே நிரப்பித் தருவது. ‘ஏசர்’ என்ற கல்வி ஆய்வுக்காரர்களோ வீட்டுக்கே போய், இரண்டாம் வகுப்புப் பாடத்தை நீட்டிப் பிள்ளையைப் படிக்கச் சொல்கிறார்கள். எனக்கு அந்த முறைதான் பிடிக்கும். என்ன, அது கிராமங்களோடு நின்றுவிடுகிறது. தவிர, மாவட்டத் தரநிலையில் டவுன் பள்ளியும் மலையோரப் பள்ளியும் ஒரே சராசரிக்குள் அடங்கிவிடுகின்றன. சேர்க்கப்போகும் பள்ளிக்கு மதிய உணவு நேரத்தில் போய், கழிப்பறைக் குழாயைத் திறந்து பாருங்கள். கணக்குக்குத் தனி ஆசிரியர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.