பசுமைக் கப்பற் பாதைகளும் கொழும்புத் துறைமுகமும்

மாணவர்களே, துறைமுகங்களைப் பசுமையாக்குதல் பற்றிய வினாவுக்குப் பலர் "துறைமுகத்தில் மரம் நடுதல் வேண்டும்" என எழுதிவிடுகின்றனர். மரம் நடுவது நல்லதே. கப்பலின் புகை அதனாற் குறையாது. கப்பல் எதனை எரிக்கின்றது, அதனை எங்கே நிரப்பிக்கொள்கின்றது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

உலகில் மனித நடவடிக்கைகளால் வெளியேறும் பச்சைவீட்டு வாயுக்களில் ஏறத்தாழ 3 சதவீதம் கப்பற் போக்குவரத்தால் ஏற்படுகின்றது. பெரும்பாலான கப்பல்கள் இன்றும் பாரமான எண்ணெயையே எரிக்கின்றன. 2050 அளவில் கப்பல்களின் தேறிய வெளியேற்றத்தைப் பூச்சியமாக்குவதெனச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023 யூலையில் இணங்கியது. ஆயினும் வெளியேற்றத்துக்குக் கட்டணம் விதிக்கும் விதிகள் மீதான முடிவு 2025 ஒக்டோபரில் ஓராண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் காத்திருக்கவில்லை. 2024 முதல் தனது துறைமுகங்களுக்கு வரும் பெருங்கப்பல்களிடம் காபன் கட்டணத்தைப் பெறத் தொடங்கிவிட்டது. மாத்தளைச் சாதிக்காய் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினால் அக்கட்டணத்தின் ஒரு துளி அதன் ஏற்றுகூலியிலும் சேரும்.

மாற்று எரிபொருள்களாகப் பசுமை மெதனோல், பசுமை அமோனியா என்பன பேசப்படுகின்றன. அப்படியாயின் ஏன் உடனே மாறவில்லை? கோழி முந்தியா, முட்டை முந்தியா என்ற கதைதான். எரிபொருள் கிடைக்காததால் கப்பற் கம்பனி புதிய கப்பலை வாங்கத் தயங்குகின்றது. கப்பல் இல்லாததால் உற்பத்தியாளர் ஆலை அமைக்கத் தயங்குகின்றார். இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடிய இடம் துறைமுகமாகும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறைமுகங்கள் தம்மிடையே ஓடும் கப்பல்களுக்கு இவ்வெரிபொருளை உறுதியாக வழங்க உடன்பட்டால், அது பசுமைக் கப்பற் பாதை எனப்படும். 2021 நவெம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் வெளியான கிளைட்பாங்க் பிரகடனம் இக்கருத்தை முன்வைத்தது. சிங்கப்பூரும் ரொட்டர்டாமும் 2022 ஓகத்தில் இவ்வாறு இணைந்தன.

இது இலங்கைக்கு ஏன் முக்கியம்? கொழும்பில் கையாளப்படும் கொள்கலன்களிற் பெரும்பகுதி எமது பொருள் அல்ல; ஒரு கப்பலில் இறக்கி மற்றொன்றில் ஏற்றப்படும் அயல்நாட்டுப் பொருளாகும். கப்பல் வராவிட்டால் அந்த வருமானம் இல்லை. 2023 இல் மெதனோலில் ஓடும் முதலாவது கொள்கலன் கப்பலான 'லோரா மேர்ஸ்க்' தென்கொரியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. அது சிங்கப்பூரில் மெதனோல் நிரப்பியது. பின்னர் எகிப்தில் நிரப்பியது. இவ்விரண்டுக்கும் இடையிலான பாதையை உங்கள் தேசப்படத்தில் விரலால் தொடர்ந்து பாருங்கள். எங்கள் நாடு அதன் நடுவிலேயே உள்ளது.

சம அளவு சக்தியைப் பெற, மெதனோலுக்கு எண்ணெயைவிட இரு மடங்குக்கும் கூடிய தாங்கி இடம் தேவை. ஆகவே கப்பல்கள் இடையில் அடிக்கடி நிரப்ப நேரிடும். கொழும்புக்கும் அம்பாந்தோட்டைக்கும் இது வாய்ப்பு. ஆனால் வாய்ப்பு எமக்கு மட்டுமன்று. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் தூத்துக்குடியில் 2025 செப்டெம்பரில் பசுமை ஐதரசன் மாதிரித் திட்டம் தொடக்கப்பட்டதுடன், 750 கனமீற்றர் மெதனோல் நிரப்பு நிலையத்துக்கு அடிக்கல்லும் நாட்டப்பட்டது. கண்ட்லாவுடன் பசுமைப் பாதை அமைப்பது அதன் நோக்கம். தூத்துக்குடிக் கொள்கலன்கள் பல கொழும்பினூடாகவே சென்றுவந்தவை என்பதையும் மனங்கொள்க.

வரலாற்றிலும் ஓர் உதாரணம் உண்டு. நீராவிக் கப்பற் காலத்தில் காலி நிலக்கரி நிரப்பும் துறையாகச் செழித்தது. கொழும்பின் தென்மேற்கு அலைதடுப்பு அணை 1885 இல் நிறைவடைந்த பின் கப்பல்கள் பாதுகாப்பான கொழும்புக்கு மாறின. நிலக்கரி வியாபாரமும் அவற்றுடன் சென்றது. காலியின் அமைவிடம் மாறவில்லை, வசதி வேறிடத்தில் அமைந்தது. "கேந்திர அமைவிடம்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுபவர்கள் இந்த உதாரணத்தைக் கட்டாயம் சேர்க்கவும்.

இரண்டாவது வழி கரை மின்சாரம். நங்கூரமிட்ட கப்பலும் விளக்கு, குளிரூட்டி என்பவற்றுக்காகத் துணை இயந்திரத்தை ஓட்டிப் புகை கக்குகின்றது. கரையிலிருந்து மின் வழங்கினால் அதனை நிறுத்தலாம். ஒரு பெரிய கொள்கலன் கப்பலுக்குச் சில மெகாவாற்று தேவைப்படும். எமது மாவட்டத்து உக்குவளை நீர்மின் நிலையத்தின் கொள்ளளவே 40 மெகாவாற்றுத்தான். பல கப்பல்கள் ஒரே வேளையில் தரித்து நின்றால் எவ்வளவு தேவை எனக் கணித்துப் பாருங்கள். அம்மின்சாரம் நுரைச்சோலை நிலக்கரியிலிருந்து வந்தால் கொழும்பின் புகை புத்தளத்துக்கு இடம்பெயரும், அவ்வளவே. எனவே நீர், காற்று, சூரிய சக்தி என்பவற்றையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.

கொழும்பில் டீசல் பாரந்தூக்கிகள் பல மின்சாரத்துக்கு மாற்றப்பட்டுள்ளன. இது துறைமுகத்தின் சொந்தப் புகையைக் குறைப்பது. கப்பலின் புகையை அன்று. இரண்டையும் குழப்பிப் புள்ளி இழக்காதீர்கள்.

பயிற்சி: தூத்துக்குடி, கொழும்பு ஆகிய துறைமுகங்கள் போட்டியிடுவதா, இணைந்து ஒரு பசுமைப் பாதை அமைப்பதா இலங்கைக்கு நன்மை தரும்? காரணங்களுடன் விளக்குக.