சந்தேகமும் தீர்மானமும்



தகுந்த முகாந்தரமின்றிப் பிறனைப் பற்றித் தப்பெண்ணம் கொள்வதையும் எட்டாம் கற்பனை விலக்குகிறதென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறீர்கள். அப்படியானால், ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் வாயை மூடிக்கொள்வதா?

ஜான் பாட்ரிக் ஷான்லி எழுதி 2004-ல் நியூயார்க்கில் அரங்கேறிய "டவுட்" என்னும் நாடகம் இதைத்தான் கேட்கிறது. 2024-ல் அந்நகரிலேயே மறுபடியும் மேடையேற்றினார்கள். கதை நடப்பது 1964-ல், ஒரு பங்குப் பாடசாலையில். குருவானவர் தனியே அழைத்த பையன் திரும்பி வந்தபோது வாயில் திராட்சரச வாடை. தலைமைக் கன்னியாஸ்திரியாரிடம் அத்தாட்சி ஏதுமில்லை. மனதிலோ முழு நிச்சயம். குருவானவரின் முந்தின பங்கில் விசாரித்துவிட்டதாகப் பொய் சொல்லி மிரட்டுகிறார். அவரும் போகிறார், எங்கே? வேறொரு பங்குக்கு, பதவி உயர்வோடு! அவர் குற்றவாளியா என்பதை நாடகம் கடைசிவரை சொல்வதில்லை.

பார்த்தவர்கள் குருவின் பக்கமும் கன்னியாஸ்திரியின் பக்கமும் நின்று வாதாடுவார்கள். அந்தப் பையனோ மேடைக்கு வருவதேயில்லை. குருவாகிய எனக்கு உறுத்துவது இதுதான்.

அறிவிப்பது வேறு, தீர்ப்பிடுவது வேறு. குருக்களும் துறவியரும் இத்தகைய காரியத்தில் நியாயமான சந்தேகத்தையும் திருச்சபை அதிகாரிகளுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்களென்று பாப்பு பிரான்சிஸ் 2019-ல் சட்டமிட்டார். விசாரிப்பது அவர்கள் வேலை. கன்னியாஸ்திரியாருக்கு அப்படியொரு வழி 1964-ல் இருந்திருந்தால் பொய் சொல்ல வேண்டியிராது. பையனையும் ஒருவர் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்.