நிசேய விசுவாச அறிக்கையில் திரித்துவக் கோட்பாடு: சொல்லும் வழிபாடும்

நிசேய விசுவாச அறிக்கையில் 'திரித்துவம்' என்னும் சொல் யாண்டும் இடம்பெறவில்லை. தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவரையும் முறையே கூறும் அதன் அமைப்பே அக்கோட்பாட்டைத் தாங்கி நிற்கிறது. எனினும் மூவரும் ஒரே முறையில் உரைக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது.

மகன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியஸின் கருத்தை மறுக்கும் பொருட்டு, கி.பி. 325இல் கூடிய நிசேயாச் சங்கம் 'ஹோமோஊசியோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை ஆண்டது. தந்தையோடு ஒரே உள்பொருளினர் என்பது இதன் பொருள். விவிலியத்தில் இல்லாத இச்சொல் பல ஆண்டுகள் பூசலுக்கு உள்ளாயிற்று. தூய ஆவியைப் பொறுத்தவரை அச்சங்கம் பெயர் சுட்டியதோடு அமைந்தது.

பின்னர் ஆவியின் இறைத்தன்மையும் மறுக்கப்பட்டது. 381ஆம் ஆண்டின் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தோடு இணைத்து அறியப்படும் விரிந்த வடிவம் இதற்கு விடை கூறுகிறது. ஆனால் முற்கூறிய சொல்லை அது ஆவிக்கு ஏற்றிக் கூறவில்லை. ஏனைய இருவரோடும் ஒருங்கே வணங்கப்பெறுபவர் என்றே கூறுகிறது. செசரியா நகர்ப் பசிலியார் தூய ஆவி பற்றிய தம் நூலில் மூவர்க்கும் உரிய சம மாண்பினை வலியுறுத்திய நெறியோடு இது ஒத்துச் செல்கிறது.

படைப்புப்பொருள் வணக்கத்திற்குரியதன்று என்பது திருச்சபையார் அனைவர்க்கும் உடன்பாடு. ஆகவே வணக்கத்தைக் கூறுதல் இறைத்தன்மையைக் கூறுதலேயாம். கலைச்சொல்லை மட்டும் தேடும் ஆய்வு அறிக்கையின் மூன்றாம் பகுதியைக் குறையுடையதாகக் காணும். வழிபாட்டு மொழியையும் கோட்பாட்டு மொழியாகக் கொள்ளும் ஆய்வே அதன் முழுமையை உணரும்.